பதினேழுக்கு ரெண்டு!

பதினேழாம் வாய்ப்பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

பத்தாம் வாய்ப்பாட்டோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிய ஆசாமிகள் கூட, 2012-ஆம் வருஷம் மார்ச் மாதம் 'பதினேழு, முப்பத்திநாலு, ஐம்பத்தொண்ணு' என்று விரல் விட்டு எண்ணிக் கொண்டு திரிந்தார்கள். காரணம், மார்ச் 21-ம் தேதி வந்த ஒரு அறிவிப்பு. ஹைதராபாத் மஹிந்திரா சத்யம் கம்பெனி, டெக் மஹிந்திரா கம்பெனியோடு இணையப் போகிறது. உங்களிடம் சத்யம் ஷேர் 17 இருந்தால், அதற்குப் பதிலாக டெக் மஹிந்திரா ஷேர் 2 கிடைக்கும்.

பத்துக்கு ஒண்ணு, ஐந்துக்கு ஒண்ணு என்றால் வாயிலேயே கணக்குப் போடலாம். பதினேழுக்கு ரெண்டு! 100 ஷேர் வைத்திருந்தவருக்கு 11.76 வருகிறது. பதினோரு ஷேர் சரி, அந்த முக்கால் சொச்சம்? (இப்படிப்பட்ட உதிரிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து விற்று, அவரவர் பங்கைப் பணமாகக் கொடுத்து விடுவது வழக்கம். பயப்பட வேண்டாம்!)

இந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

சத்யம் ஊரெல்லாம் கொடிகட்டிப் பறந்த கம்பெனி. உலகக் கோப்பை கால்பந்துக்கே ஸ்பான்ஸர்! 2008 செப்டம்பரில், கம்பெனியைச் சுத்தமாக நிர்வாகம் செய்கிறார்கள் என்று 'தங்க மயில்' விருது வேறு கொடுத்தார்கள். (பிற்பாடு மயிலைத் திரும்பப் பிடித்துக் கொண்டு போய் விட்டார்கள்.) அதே வருஷம் டிசம்பர் 16-ம் தேதி, சேர்மன் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தார் நடத்திய மேடாஸ் என்கிற இரண்டு ரியல் எஸ்டேட், கட்டுமானக் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக சத்யம் அறிவித்தது. 'சத்யம்' என்று இங்கிலீஷில் எழுதிப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள், 'மேடாஸ்' வரும்! அமெரிக்க மார்க்கெட்டில் அன்றைக்கே சத்யம் பாதிக்கு மேல் சரிந்தது. ராத்திரியோடு ராத்திரியாக 'வாங்கலை, வாங்கலை' என்று பின்வாங்கினார்கள். மறுநாள் மும்பையில் 30 சதவிகிதம் அடி.

மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7, புதன்கிழமை. ராஜுவின் கடிதம் வந்தது. கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாதாம். எல்லாம் சேர்த்தால் 7,000 கோடிக்கு மேல் ஓட்டை.

அன்று காலை 180 ரூபாய் அளவில் இருந்த ஷேர், சாயங்காலம் 40. மற்ற ஷேர்களுக்கு 'ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறங்கலாம்' என்று நிலையான வரம்பு உண்டு. ஃப்யூச்சர்ஸ் பட்டியலில் இருக்கும் ஷேருக்கு அது கிடையாது. அதனால் தடுப்பாரில்லாமல் உருண்டது. சென்செக்ஸ் 749 புள்ளி காலி. மறுநாள் மொஹரம் லீவு. வெள்ளிக்கிழமை மார்க்கெட் திறந்தால், ஒரு கட்டத்தில் ஒற்றை இலக்கத்துக்கே போய்விட்டுத்தான் மேலே வந்தது.

எங்கள் ஆபீஸ் அப்போது மவுண்ட் ரோட்டில். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் கேஷியர் டிபன் பாக்ஸைக் கூடத் திறக்காமல் என் மேஜைக்கு வந்தார்.

"சார், 24 ரூபாய்! ஒரு பிளேட் ரவா தோசை விலைக்கு சத்யம் ஷேர்! ஐம்பதாயிரம் பேர் வேலை பார்க்கிற கம்பெனி சார். சர்க்கார் சும்மா விட்டுடுமா? யாராவது வாங்கத்தானே போறாங்க?"

"யாரு வாங்குவாங்க?"

"யாரோ ஒருத்தர்! அதா முக்கியம்?"

நானூறு ஷேர் வாங்கினார். 9,600 ரூபாய்.

அவர் சொன்னதில் பாதி பலித்தது. மத்திய சர்க்கார் பழைய போர்டைக் கலைத்து விட்டுப் புது ஆட்களைப் போட்டது. தீபக் பாரேக், கிரண் கர்னிக் முதலானவர்களோடு நம்ம சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரனும் அதில் ஒருவர். சம்பளம் கொடுக்கக் கடன் ஏற்பாடு செய்வது, ஓடிப் போகிற கஸ்டமரைப் பிடித்து நிறுத்துவது, இதற்கு நடுவில் கம்பெனியை ஏலம் விடுவது என்று சேர்ந்தாற்போல் மூன்று வேலை. முன்னாள் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி பரூச்சா மேற்பார்வையில் ஏலம் நடந்தது. ஏப்ரல் 13-ம் தேதி உறை பிரித்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். சமாசாரமே இங்கேதான் இருக்கிறது.

டெக் மஹிந்திரா ஒரு ஷேருக்கு 58 ரூபாய் கேட்டது. எல் அண்ட் டி 45 ரூபாய் 90 காசு. அமெரிக்கக் கோடீசுவரர் வில்பர் ராஸ் 20 ரூபாய்.

மூன்று பேருமே ஜாம்பவான்கள். மூன்று பேரிடமும் வக்கீல் படை, ஆடிட்டர் படை. எல் அண்ட் டி ஏற்கெனவே சத்யத்தில் 12 சதவிகிதம் வாங்கி வைத்திருந்த கம்பெனி. ஒரே கம்பெனியின் ஒரே கணக்குக் கட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் 20 என்கிறார், ஒருவர் 58 என்கிறார்! கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். ஏன்? நம்பகமான கணக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது. அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் போட்ட கேஸ் எத்தனை கோடியில் முடியும் என்பதும் யாருக்கும் தெரியாது. தணிக்கை செய்து திருத்திய கணக்கு வெளியானது 2010 செப்டம்பர் கடைசியில்தான். அதாவது ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக, நம்பகமான கணக்கே இல்லாத ஒரு கம்பெனியின் ஷேர் தினந்தோறும் கை மாறிக் கொண்டிருந்தது!

உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கே 20-க்கும் 58-க்கும் நடுவில் தட்டுத்தடுமாற்றம் என்றால், டீக்கடையில் நமக்குக் கிடைக்கிற 'டிப்ஸ்' எம்மாத்திரம்?

கேஷியர் ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு நாற்பது ரூபாய்ச் சொச்சத்தில் விற்று விட்டார். ஆபீஸ் முழுக்க ஜாங்கிரி! அடுத்த சில மாதம் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. டெக் மஹிந்திரா மற்ற பங்குதாரர்களிடம் 'நீங்களும் 58-க்கே கொடுங்கள்' என்று கேட்டபோது மார்க்கெட் விலை அதைத் தாண்டிப் போயிருந்தது. அதனால் கொடுக்க ஆளே இல்லை. அதைப் பார்த்து "முன்னாடியே வித்துட்டேனே" என்று வேறு புலம்பல்.

அவர் ஜெயித்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜெயித்தது அவருடைய கணிப்பு அல்ல. உறையில் 20 மட்டும் இருந்து, மற்ற இரண்டு உறையும் வராமல் போயிருந்தால்? ஜாங்கிரிக்குப் பதில் இஞ்சி மொரப்பாதான்.

இது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, வித்தை கைவந்து விட்டது என்று மட்டும் தோன்றி விட்டது. 2011-ல் இன்னொரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி. பெயர் வேண்டாம். நஷ்டத்தில் ஓடுகிறது, பெரிய கம்பெனி ஒன்று எடுத்துக் கொள்ளப் போகிறது, 'பேச்சுவார்த்தை நடக்கிறது' என்று செய்தி.

"எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"பேசிட்டிருக்காங்க சார். கையெழுத்து ஆனா விலை ஏறிடுமே! அதுக்கு முன்னாடி வாங்கினாத்தானே காசு?"

மகளின் இன்ஜினீயரிங் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம். 32 ரூபாயில் வாங்கினார். ஏழு வாரத்தில் பேச்சுவார்த்தை முறிந்தது. ஷேர் 11 ரூபாய். விற்கலாம் என்று போனால் வாங்க ஆள் இல்லை. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்னவோ அதே தேதிதான். அதை யாரும் தள்ளி வைக்கவில்லை. அவர் வீட்டுக்காரம்மாவின் வளையல் நாலும் அடகுக் கடைக்குப் போயின. அந்தம்மா எனக்கு போன் செய்து, "அண்ணா, இவர் ஆபீஸ்ல ஷேர் பேப்பரை எடுத்தா பிடுங்கி வெச்சுக்குங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, வைத்து விட்டார்.

கையெழுத்துக்கும் பேச்சுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2022-ல் எலான் மஸ்க், ட்விட்டரை ஒரு ஷேர் 54 டாலர் 20 சென்ட் என்று வாங்க ஒப்பந்தம் போட்டார். ஜூலையில் 'எனக்கு வேண்டாம்' என்றார். ஷேர் முப்பது டாலர்ச் சொச்சத்துக்கு விழுந்தது. ட்விட்டர் டெலவேர் கோர்ட்டுக்குப் போனது. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தவர்கள், 'மனுஷன் தப்பிக்க இதில் ஓட்டையே இல்லையே' என்று வாங்கினார்கள். அக்டோபர் 27-ம் தேதி அதே 54.20-க்கு வியாபாரம் முடிந்தது. அவர்கள் பந்தயம் கட்டியது ட்விட்டர் மேல் அல்ல, அந்தக் காகிதத்தின் மேல்!

சரி, பதினேழுக்கு வருவோம்.

அறிவிப்பு வந்த வாரம் கேஷியர் மறுபடி என் மேஜைக்கு வந்தார். இந்தத் தடவை கையில் ஒரு வெள்ளைத்தாள். "நீங்களே போட்டுக் காட்டுங்க சார்" என்றார். ஜாங்கிரிக் காலத்துக் குரல் இல்லை. நானும் பேனாவை எடுத்தேன். சுலபமாக இருக்கட்டும் என்று முழு எண்ணாகவே எடுத்துக் கொண்டோம். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

டெக் மஹிந்திரா 680 ரூபாய் என்று வையுங்கள். ரெண்டு ஷேர் 1,360. அதைப் பதினேழால் வகுத்தால் 80. அதாவது, இணைப்பு நாளைக்கே நடந்தால் ஒரு சத்யம் ஷேருக்கு 80 ரூபாய் மதிப்பு. ஆனால் மார்க்கெட்டில் அது 74-க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். ஆறு ரூபாய் சும்மா கிடக்கிறதே, ஏன் யாரும் பொறுக்கவில்லை?

"நடக்காமப் போயிட்டா?" என்றார் கேஷியர்.

அதேதான். நடக்காமல் போனால் ஷேர் 55-க்கு விழும் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். நடந்தால் லாபம் 6, நடக்காவிட்டால் நஷ்டம் 19. நாலு தடவைக்கு மூன்று தடவைக்கு மேல் நடந்தால்தான் கைக்கு மெய். மார்க்கெட்டில் 74 என்று எழுதியிருந்தால், 'இது நடக்க நூற்றுக்கு 76 வாய்ப்பு' என்று ஊரே கூடிச் சொல்வதாக அர்த்தம். உங்களுக்கு அதைவிட அதிகம் தெரியும் என்றால் வாங்கலாம். தெரியாது என்றால் நீங்கள் செய்வது சீட்டாட்டம், என்ன, சீட்டுக்கட்டுக்குப் பதில் டீமேட் அக்கவுண்ட்.

"இன்னொண்ணு விட்டுட்டீங்களே சார்... எப்போ நடக்கும்?"

அட! அந்த ஆறு ரூபாய், 74-க்கு எட்டு சதவிகிதம். மூன்று மாதத்தில் வந்தால் அமிர்தம். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தால்? அப்போது பாங்க் ஃபிக்ஸட் டெபாசிட்டிலேயே வருஷத்துக்கு ஒன்பது சதவிகித வட்டி. பாங்குக்காரர் காபி கொடுக்காவிட்டாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கொடுப்பாரே!

இழுத்தது. பதினைந்து மாதம் இழுத்தது!

பங்குதாரர்கள் சரி என்று விட்டார்கள். டெக் மஹிந்திராவின் பதிவு ஆபீஸ் மும்பையில். அதனால் மும்பை ஐகோர்ட் அனுமதி வேண்டும். அது 2012-லேயே வந்து விட்டது. சத்யத்தின் பதிவு ஆபீஸ் ஹைதராபாத். எனவே ஆந்திர ஐகோர்ட்டும் தலையாட்ட வேண்டும். அங்கேதான் வண்டி நின்றது. 'நாங்கள் பழைய சத்யத்துக்கு 1,230 கோடி ரூபாய் கடன் கொடுத்திருக்கிறோம், அதைக் கொடுக்காமல் எப்படி இணைக்கலாம்?' என்று 37 கம்பெனிகள் வந்து நின்றன. இந்த 1,230 கோடி ராஜுவின் கடிதத்திலேயே வருகிற தொகை. வருமான வரித்துறை வேறு ஒரு பக்கம். அக்டோபரில் அமலாக்கத் துறை வந்து 822 கோடி டெபாசிட்டை முடக்கியது. ஒவ்வொரு செய்திக்கும் 80-க்கும் 74-க்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளி, ரப்பர் பேண்ட் மாதிரி விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது.

கவனித்தீர்களா? இதில் எங்கேயாவது கம்ப்யூட்டர் வருகிறதா? சாஃப்ட்வேர் ஆர்டர், லாபம், புது கஸ்டமர் எதுவும் இல்லை. வாய்தா, ஆட்சேபணை, தீர்ப்புத் தேதி... டெக்னாலஜி ஷேர் வாங்கியதாக நினைத்துக் கொண்டிருந்தவர்கள் உண்மையில் வாங்கி வைத்திருந்தது ஹைதராபாத் கோர்ட்டின் காலண்டரை!

விவரம் தெரிந்த மும்பைப் புள்ளிகள் இதை வேறு மாதிரி விளையாடுவார்கள். சத்யத்தை 17 வாங்கி, அதே நேரத்தில் டெக் மஹிந்திராவை 2 ஃப்யூச்சர்ஸில் விற்று வைப்பார்கள். மார்க்கெட் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, நடுவில் இருக்கிற ஆறு ரூபாய் அவர்களுக்கு. நம்மைப் போல ஒற்றைக் காலில் வாங்குகிறவர் நிஜத்தில் செய்வது, டெக் மஹிந்திராவைக் கொஞ்சம் தள்ளுபடி விலையில் வாங்குவது. அவ்வளவுதான். அந்தப் பதினைந்து மாதத்தில் டெக் மஹிந்திரா ஏறியது. அதனால் ஒற்றைக் கால்காரர்களுக்கும் கை நிறைந்தது. இறங்கியிருந்தால் ஆறு ரூபாய் எந்த மூலைக்கு?

நான் வாங்கியது 170. ஏன் 170 என்று கேட்காதீர்கள், உதிரி வரக்கூடாது பாருங்கள்! கேஷியர் தாளை இரண்டு தடவை பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "85 போதும் சார். பத்து வரும். இது போனாலும் வளையலுக்குச் சேதமில்லை" என்றார். வளையலை மீட்டு அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

2013 ஜூன் 11-ம் தேதி ஆந்திர ஐகோர்ட் அனுமதி கொடுத்தது. அதே மாதம் இணைப்பு முடிந்தது. என் 170 இருபதாக வந்து சேர்ந்தது. 2015-ல் ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ், பத்து ரூபாய் முகமதிப்பு ஐந்தாகப் பிரிந்தது, இருபது எண்பதானது. அதே வருஷம் ஏப்ரலில் ராஜுவுக்கு ஹைதராபாத் கோர்ட் ஏழு வருஷத் தண்டனை விதித்தது.

'பார்த்தீர்களா, கெட்டுப்போன கம்பெனி இணைப்புன்னா காசுதான்' என்று கிளம்பி விடாதீர்கள்! நம்ம ஊர் ஏர்செல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில், கடனில் தத்தளித்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் ஏர்செல்லும் செல்போன் வியாபாரத்தை இணைக்கப் போவதாக அறிவித்தார்கள். கையெழுத்தான ஒப்பந்தம்தான். ஆனால் கடன்காரர்கள் ஆட்சேபணை, சட்டச் சிக்கல் என்று ஒரு வருஷம் இழுத்து, 2017 அக்டோபர் 1-ம் தேதி 'ரத்து' என்றார்கள். 2008-ல் 800 ரூபாய்க்கு மேல் விற்ற ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் ஷேர், அடுத்த மாதம் பத்து ரூபாய் அளவுக்கு வந்தது. டிசம்பரில் சொத்துகளை ஜியோவுக்கு விற்கப் போவதாகச் செய்தி வந்ததும் சில வாரத்திலேயே மும்மடங்கு! அப்போது 'திரும்பி வந்துடுச்சு' என்று பாய்ந்தவர்கள் எத்தனையோ பேர். 2019-ல் கம்பெனி திவால் கோர்ட்டில். ஷேர் சில்லறைக் காசு. ஏர்செல் 2018 பிப்ரவரியிலேயே மஞ்சள் கடுதாசி கொடுத்து விட்டது. சிக்னல் இல்லாத போனைத் தூக்கிக் கொண்டு, நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற நம் ஜனங்கள் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது.

சத்யத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சத்யத்தை இணைத்தவர், மூன்று வருஷம் முன்பே பணம் போட்டு அதை வாங்கி நிர்வாகம் செய்து கொண்டிருந்தவர். மாப்பிள்ளை ஏற்கெனவே வீட்டோடு இருக்கிறார், ரிஜிஸ்டர் பண்ணுவதுதான் பாக்கி. இங்கேயோ இரண்டு பேரும் கடனாளிகள். பெண் வீட்டுக்காரரும் பிள்ளை வீட்டுக்காரரும் சத்திரத்து வாடகைக்கு ஒருவர் பாக்கெட்டை ஒருவர் பார்த்துக் கொண்டிருந்தால் முகூர்த்தம் நடக்குமா?

இப்போதைய பையன்களுக்கு மேஜை, வெள்ளைத்தாள் எதுவும் தேவைப்படுவதில்லை. எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் தாண்டுவதற்குள் போனிலேயே வாங்கி, விற்று, நஷ்டப்பட்டும் முடித்து விடுகிறார்கள். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் மூன்று வருஷத்தில் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே 2024-ல் கணக்குச் சொன்னது. அந்த மற்ற ஏழு பேரில்தான் நாம் என்று நூறு பேருமே நினைத்திருப்பார்கள்.

கேஷியர் ரிடையராகி விட்டார். மகள் நல்ல வேலையில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்தேன். என் மச்சினன் பையன் ஒருவன், நஷ்டத்தில் இருக்கிற ஒரு கம்பெனி ஷேரை, 'இணைப்பு வருது மாமா' என்று வாங்கத் துடிக்கிறான், நீங்கள் கொஞ்சம் பேசுங்கள் என்று போனை அவன் கையில் கொடுத்தேன். இவன் ரேட், சார்ட், டார்கெட் என்று ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினான். அந்தப் பக்கம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்த கேஷியர், கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"தம்பி, இப்பல்லாம் ஐகோர்ட் இல்லையாமே, கம்பெனிச் சட்ட ட்ரிப்யூனலாமே... உங்க கேஸு எந்த ஊர் பெஞ்சுல இருக்கு?"

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாமா, பெஞ்ச்னா என்ன?"